ஒரே திருப்பில் மூன்றாவது வளைவு

இன்று காலை உன் மகள் நூரு நம் ஜீப்பை பாலிக் புலாவ் மலைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு ஏறினாள். மூன்றாவது வளைவில் ஸ்டியரிங் கடைசிவரை திரும்பியது. எங்கும் உரசவில்லை. பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன்.

இப்போது மேலே, குடிசை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விரல்களில் கிரீஸும் டுரியானும் கலந்த வாசம். இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாசம்தான் உன்னோடு பேசச் சொல்கிறது. கீழே மலை பாதிக்குமேல் பனிக்குள் கிடக்கிறது. கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கோ ஒரு பழம் விழுகிறது. நீ இறந்துபோய் ஒன்பது மாதம் ஆகிறது. ஆனாலும் விழுந்த பழத்தை எடுக்கப் போனவன் இன்னும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் என்றே இந்த இடத்தில் தோன்றுகிறது.

ஒன்பது மாதமாக அவள் சாவி கேட்டாள், நான் கொடுக்கவில்லை. டயர் சரியில்லை, மழைக்காலம் என்று ஏதோ சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மைக் காரணம் அந்த வளைவு. அங்கே நடந்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நான் மாவு விற்றவன், நீ அதைத் தட்டியவன். பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு சொந்தமாகக் கிடங்கு போட்டேன். சுங்கை பினாங்கில் உன் ரொட்டிக் கடைக்கு இருபது வருஷம் என் சரக்குதான். நான் உன்னை ‘பாய்’ என்பேன், நீ என்னை ‘தவுக்கே’ என்பாய். முதலாளி என்ற மரியாதைக்காக இல்லை. கஞ்சப் பயலே என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாததால். இந்த டுரியான் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது பழம் இறக்க ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய ஜீப் வாங்கினோம். பாதையில் கிடந்த பாறைகள் அதன் அடிவயிற்றை இடித்துக்கொண்டே இருந்தன. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தி, பெரிய டயர் போட்டோம். பார்க்க யானைக்குட்டி மாதிரி நின்றது. தொல்லை அன்றைக்கே தொடங்கியது.

முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் நீளக் கம்பி கீழே தொங்கியதால் கல்லில் பட்டு வளைந்தது. அதை மேலே தூக்கி மாட்டச் செய்தோம். இப்போது கல்லில் படவில்லை. ஆனால் ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில் போய்விட்டது. பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது முழுவதும் திருப்பினால் கம்பி பட்டையில் இடிக்கும். எனக்கு வழக்கம்போல மலிவான வழி தோன்றியது. சக்கரம் திரும்பும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் போல்ட்டு இரண்டை முறுக்கிவிட்டால் அவ்வளவு தூரம் திரும்பாது, இடிக்காது, வேலை முடிந்தது என்றேன்.

“வளைவு நம்ம போல்ட்டுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்குமா, தவுக்கே?” என்றாய்.

சரி, முதலில் இடைவெளி எவ்வளவு என்று அளப்போம் என்று முடிவானது. அளந்த லட்சணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு உருண்டை ரொட்டி மாவை ஒட்டினாய். என் கிடங்கிலிருந்து பன்னிரண்டு மூட்டைகளை ஜீப்பின் முன்பக்கம் அடுக்கி ஸ்பிரிங்கை அமுக்கினோம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினோம். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால் மாவு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. ஒரு விரல் இடைவெளி தாராளம் என்று நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை, “மறுபடி ஒரு வாட்டி அளந்து பாப்பமா?” என்று கேட்டாய். உன் முகத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பழம் விழ ஆரம்பித்துவிட்டது, போதும்லா பாய் என்று நான்தான் சாவியைப் பிடுங்கினேன்.

அந்த வளைவு இடப்பக்கம் மடங்குகிறது, வலப்பக்கம் பள்ளம். பாதி வளைவில் முன்சக்கரம் குழியில் அமுங்கியதும் கம்பி பட்டையில் இடித்து ஸ்டியரிங் கல்லாய் நின்றது. பிரேக்கை மிதித்தேன். என் பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் பனி மட்டும்தான் இருந்தது. நீ கத்தவில்லை. கடையில் தேத்தண்ணி சொல்வதுபோலச் சொன்னாய்: “பிரேக்கிலேர்ந்து கால எடுக்காதே தவுக்கே. நா எறங்கி கல்லு வக்கிறேன்.”

நீ பின்சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகு உன் பக்கமாக நகர்ந்து இறங்கினேன். அடுத்த தோட்டக்காரர் கயிறு கட்டி இழுக்க வரும்வரை மேட்டில் உட்கார்ந்திருந்தோம். பனி நம் ஊடே நடந்து போனது. ஜீப் சிறிது நேரம் தெரிந்தது, சிறிது நேரம் இல்லாமல் போனது. நாமே இருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்போது நீ சிரித்தாய்.

“மாவு எந்திரிச்சிருக்கு, தவுக்கே. நம்ம மூட்டய எறக்குற நேரத்துல அமுங்குன மாவு திரும்ப எந்திரிச்சிருக்கு. இத்தன வருசம் என் கையில அடி வாங்குனது, இன்னைக்குத் திருப்பிக் குடுத்துடுச்சு.”

விற்றவனுக்கும் தெரியவில்லை, தட்டியவனுக்கும் தெரியவில்லை. பிறகு உன் மனைவி கொழுக்கட்டைக்குப் பிசைந்த அரிசி மாவை வாங்கி ஒட்டினோம். அரிசி மாவு அமுங்கினால் அமுங்கினதுதான். எடுத்துப் பார்த்தபோது அப்பளம் மாதிரி இருந்தது, ஓரிடத்தில் ஓட்டை. அச்சுக்கு மேலே கனமான ரப்பர் கட்டை வைத்து, ஸ்பிரிங் அந்த அளவுக்கு அமுங்காமல் தடுத்தோம். போல்ட்டை நீ தொடவே விடவில்லை. முழுத் திருப்பும் மிஞ்சியது.

‘நா அப்பவே கேட்டேனே’ என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை, பாய். சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். இன்றைக்கும் ஒருவன் நல்ல நாளில், பாரம் எல்லாம் இறக்கி வைத்துவிட்டுச் சொல்லும் பேச்சை நான் சரியான அளவாக எடுத்துக்கொள்வதில்லை. வியாபாரத்தில் அது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. யாரிடம் கற்றேன் என்று மட்டும் எவரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் நூரு கிடங்குக்கே வந்து நின்றாள். “அத்தாவும் நீங்களும் போகலாம், நா மட்டும் போகக்கூடாதா மாமா?” குத்தகை இப்போது அவள் பெயரில். பழம் இறங்காவிட்டால் இந்தப் பருவமே போய்விடும். மூன்று நாள் ஜீப்புக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

இன்று மேலே வந்து சேர்ந்ததும் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். “மறுபடி அளக்கக் கேட்டவர் உன் அத்தா, வேண்டாம் என்றவன் நான்.”

அவள் டுரியானைப் பிளந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்: “வளைவுல மாட்டுனது தெரியும் மாமா. ஆனா அத்தா சொன்னப்ப, ரெண்டு பேருமே போதும்னு சொன்னோம்னுதான் சொன்னாரு.”

கொஞ்ச நேரம் எனக்குப் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

பிறகு ஜீப்பில் என் பாதிப் பங்குக்கு விலை கேட்டாள். எட்டாயிரம் என்றேன். ஐந்து என்று சொல்லிவிட்டு ஒரு சுளையை என் கையில் வைத்தாள். முடிந்தது இப்படி: ஆறாயிரம் வெள்ளி, பருவம் முடிந்ததும். மழை பெய்த மறுநாள் வண்டி ஏறாது. ஏறுகிற நாளில் இடப்பக்க இருக்கை எனக்கு.