மூச்சுப்பிடிப்பு இல்லை, அண்ணா

என் ஒட்டடைக்குச்சி அண்ணனுக்கு,

உன் மகன் ஆரோன் உன்னையே உரித்துவைத்து நிற்கிறான். அதே உயரம், அதே எலும்பு, நீ ஊதித் தள்ளிய அதே சிகரெட். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தவன், சட்டென்று வலது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூச்சை இழுத்தால் குத்துகிறதாம்.

உனக்கும் இப்படித்தானே தொடங்கியது?

வீட்டுக்கு வந்தால் லூர்து அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறாள். பிறக்கும்போது கால் முதலில் வந்தவள், அவள் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்று ராயபுரமே தேடி வருமே. அன்று உன் முதுகையும் அவள்தான் ஆசையாக மிதித்தாள். "மூச்சுப்பிடிப்புடா கண்ணு, காலீல சரியாப்பூடும்" என்றாள். காலையில் உன் உதடு நீலமாகிவிட்டது. அப்புறம் பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. நுரையீரலில் ஓட்டை விழுந்து, கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டில் அடைத்து, இதயத்தையே அமுக்கிவிட்டதாம். முன்பே வந்திருந்தால் குழாய் போட்டிருக்கலாமாம். ஊரோ, உன் ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துக் கலைந்தது.

"அத்தே, ஆரோன் மேல கால் வெச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

"இன்னாடி பேசுற? புள்ள துடிச்சிகினு கீறான்!"

அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, கேஸ் ட்ரபிளாக இருக்கும் என்றார் டாக்டர். "இவங்கப்பா இப்டித்தான் செத்தாரு சார். எக்ஸ்ரே எடுக்காம நவுர மாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். வலது பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. படத்தில் நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. ஆக்சிஜன் வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் இறக்கி, மறுமுனையைத் தரையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். அடைத்திருந்த காற்று குமிழி குமிழியாக வந்தது. பாட்டிலைத் தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் ஏறிவிடும் என்று நர்ஸ் சொன்னதால், பெருக்க வந்தவரைக்கூட நான் கிட்டே விடவில்லை.

பார்க்க வந்த அத்தை அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அவனுக்கும் இந்தக் காத்துதானாடி?"

அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன், அண்ணா.

குமிழி நின்றது, நுரையீரல் விரிந்தது, குழாயை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் வரலாமாம், சிகரெட்டைத் தொடவே கூடாதாம். பாக்கெட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன்.

நேற்று எதிர்வீட்டு ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அத்தையிடம் வந்தார். அத்தை காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "மொதல்ல போயி படம் எட்த்துகினு வா" என்றாள்.

உன் ஆயுசு அவ்வளவுதான் என்று இனி எவனாவது என் முன்னால் சொல்லட்டும், பார்க்கிறேன். நான் இருக்கும்வரை நம் தெருவில் நெஞ்சுவலிக்கு எண்ணெய்க் கிண்ணம் வெளியே வராது. உன்மேல் சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
ஆரோனை விடாத அத்தை,
ஸ்டெல்லா