செல்வி ஏன் தீம் பார்க்குக்குக் கிளம்பினாள்

ஆகஸ்ட் 12, வியாழன்

காலையிலிருந்து ஹைதராபாத் முழுக்கத் தூறல். பாலாநகர் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் வரை சேறு. ஃபாக்டரி வாசலில் வழக்கம்போல நெற்றிக்கு நேரே ஜுரம் பார்க்கும் துப்பாக்கி. சுதந்திர தினம் ஞாயிறு பார்த்து வருகிறது. ஒரு லீவு போச்சு.

சாப்பிடும்போது செல்வி கேட்டாள்: "ஏங்க, இருவத்திரண்டாந்தேதி அந்தத் தீம் பார்க்குக்குப் போவமா?"

ரசம் புரையேறிவிட்டது. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற பெண்டாட்டி. அவள் அண்ணன் கொரோனாவில் போன பிறகு மாடிப்படி இறங்கவே யோசிக்கிறவள்.

"என்னத்துக்கு?"

"போவணும்போல இருக்கு."

மகள் நித்யா அதற்குள், "சச்சி மே?" (நிஜமாகவா?) என்று குதித்தாள். ஒன்பது வயசு. தமிழில் கேட்டால் ஹிந்தியிலோ தெலுங்கிலோதான் பதில். இனி இவளிடம் இல்லை என்று சொல்லும் வேலையும் என் தலையில்.

ஆகஸ்ட் 14, சனி

மழை இல்லை. முதுகு வலி. கீழ்வீட்டு மல்லிகா அக்கா போன வாரம் அங்கே போய்வந்தார். தாத்தா காலத்திலிருந்தே சிகந்தராபாத்காரர். பயமில்லையா என்று கேட்டேன்.

"கைக்கு பயம்? என்னத்துக்குப் பயம்? ஊசி போட்டாச்சுல்ல? ஃபாக்டரி பஸ்ல தினம் ஒட்டி உக்காந்து போறீங்க. அங்க திறந்த வெளில சுத்த மட்டும் நக்கோவா, வேணாமா?"

ஃபாக்டரியிலும் ஆளுக்கொரு காரணம். டிக்கெட் சலுகை. கூட்டமில்லை. மூலைக்கு மூலை சானிடைசர். பிள்ளைகள் சுவரைப் பார்த்தே வளர்கிறார்கள். ஒருவர் மட்டும், "போகாதவனும்தான் போய்ச் சேந்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

செ.யிடம் இதில் எதுவும் இல்லை. காரணம் கேட்டால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாள்.

ஆகஸ்ட் 19, வியாழன்

ஓ.டி. கண் எரிச்சல். அடுத்த ஞாயிறு போகலாமே, இன்னும் கூட்டம் குறையும் என்றேன்.

"அன்னைக்குத்தான் போவணும். இல்லன்னா வேண்டாம்."

சத்தமே இல்லாமல் சொன்னாள். இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து எத்தனையோ நாளாகிறது. ஏப்ரலில் அண்ணன் போன செய்தி வந்தபோது ஹாலில் நித்யாவுக்கு ஆன்லைன் வகுப்பு. போனைக் காதில் வைத்தபடி செ. "அய்யோ" என்று ஆரம்பித்தாள். குழந்தை பதறித் திரும்பி, தெலுங்கில், "அம்மா, மைக் ஆன்ல உந்தி!" என்றது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவ்வளவுதான் அவள் அழுதது. அம்பாசமுத்திரம் போகப் பாஸ் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டிப்பிடித்து அழ ஒரு ஆள் இல்லை.

குழந்தையைச் சொல்லி என்ன?

சனிக்கிழமை வாங்க: மாஸ்க், வாந்தி மாத்திரை (எனக்கு).

ஆகஸ்ட் 22, ஞாயிறு

வெயில். புளிசாதம், மாஸ்க் கட்டு, சானிடைசர். வாசலில் இங்கேயும் துப்பாக்கி.

கப்பல் ஊஞ்சல். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. கம்பியைப் பூட்ட வந்த ஆபரேட்டர் கையில் ராக்கி. முன்னால் இருந்தவர் கையிலும். இன்று ரக்ஷா பந்தன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹைதராபாத் வந்ததிலிருந்து செ. வருஷம் தவறாமல் அண்ணனுக்குத் தபாலில் ராக்கி அனுப்புவாள். "ஏட்டி, ஆம்பளைக்குக் கலர் கயிறு எதுக்கு?" என்பார் மச்சான். அதைக் கட்டிக்கொண்டு போட்டோவும் அனுப்புவார். இன்று அவள் வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? ட்யூப்லைட், நான்.

கப்பல் உச்சிக்குப் போனதும் எல்லோரும் அலறினார்கள். செ.யும் அலறினாள். "எண்ணே... எண்ணே... என்னைய விட்டுட்டுப் போயிட்டியே..." கீழே இறங்கும்போது மற்றவர்கள் நிறுத்தினார்கள், இவள் நிறுத்தவில்லை. மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நித்யா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இறங்கினோம். புது மாஸ்க் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவை ஏறுவமா?"

இன்னொரு வாந்தி மாத்திரையை விழுங்கினேன். ஏறினேன்.

ஆகஸ்ட் 23, திங்கள்

திரும்பவும் தூறல். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. செ.க்குக் குரலே இல்லை, வெறும் காற்று. நித்யா பயந்துபோய் தெர்மாமீட்டரோடு ஓடி வந்தாள். ஜுரம் இல்லை. மல்லிகா அக்கா சுக்குக் கஷாயத்தைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "எதுக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க" என்கிறார். கைக்கு பயம் என்று கேட்டவர்! கத்தினதில் தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

நித்யாவுக்கு வகுப்பு ஆரம்பிக்கும் நேரம். அவளாகவே லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, மைக் ஆஃப் பண்ணிட்டேன். இப்ப நீ அழலாம்."

தமிழில்.

செ. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். ஃபாக்டரி பஸ் போய்விட்டது.