பாணன் இல்லாத கடைசிச் சண்டை

இன்று வேலை முடிந்து கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பும் ரயிலில், நின்றபடியே கைப்பேசியைப் பார்த்தேன். நாம் ஆடிய அந்தக் கணினி விளையாட்டில் மாற்றம் செய்திருக்கிறார்கள். பாணனின் பாட்டுக்கு இனி இரண்டு மடங்கு பலனாம். உன்னிடம் சொல்லலாம் என்று உன் பெயரைத் தேடிவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நால்வர் ஓர் அணியாக ஆடும் ஆட்டம் அது. நான் வாள் பிடித்த வீரன், ரவி மந்திரவாதி, மாலா காயம் ஆற்றும் வைத்தியர், நீ பாணன். ஞாயிறு மதியம் அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவோம். பாணன் அடித்தால் எதிரிக்கு எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். அவன் பாடினால் மற்ற மூவருக்கும் கொஞ்சம் பலம் கூடும், அவ்வளவுதான். ஒரு கோட்டைக்குள் வரும் எல்லாச் சண்டைகளுக்கும் சேர்த்து, காயம் ஆற்றும் மருந்து எண்ணித்தான் கிடைக்கும். சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று திரையில் வரும். கடைசிப் பெயர் எப்போதும் உன்னுடையது.

சிறுநீரகம் கெட்டு லோரி ஓட்டுவதை விட்ட பிறகு, பண்டமாரான் வீட்டில் உனக்குப் பொழுது மிஞ்சியது. ஒரே கோட்டையின் சண்டைகளை, நால்வரையும் நீயே இயக்கி, தனியாகத் திரும்பத் திரும்ப ஆடினாய். ஒவ்வொரு தடவையும் ஒருவரை எடுத்துவிட்டு, என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதி வைத்தாய்.

"அடிய மட்டும் எண்ணாதடா. ஒருத்தன எடுத்துட்டு ஓட்டிப் பாரு. நாலாவது சண்டையில மருந்து தீர்ந்துடும். அப்பத் தெரியும் பாணன் யாருன்னு."

எங்களுக்கு அது கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது.

பிறகு உன் கை தளர்ந்தது. பாட வேண்டிய நேரத்தில் பாட்டு வராது. கடைசிக் கோட்டையில் வாரக்கணக்கில் தோற்றோம். நான்தான் ரவிக்கு எழுதினேன்: "இந்த வாரம் இவன் வேணாம். என் ஆபீஸ் நண்பர் இன்னொரு மந்திரவாதியா ஆடுவார்." அவசரத்தில் அது நால்வரும் இருக்கும் குழுவுக்குப் போய்விட்டது. நான் அழிப்பதற்குள் நீ படித்துவிட்டாய்.

"சரி லா, என்ன எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க" என்று பதில் போட்டாய். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு முதல் முயற்சியிலேயே வென்றோம். யாரும் சத்தம் போடவில்லை. மாலா மட்டும், "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, மன்னிப்புக் கேட்க டயாலிசிஸ் நிலையத்துக்கு வந்தேன். இடது கையில் ஊசியோடு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சாய்ந்திருந்தாய். நான் பேச்சை ஆரம்பிக்கும்போதே குறுக்கிட்டாய்.

"அது கிடக்கட்டும்டா. கோட்டைக்குள்ள நாலாவது சண்டையில மருந்து எத்தன மிச்சம்?"

"ஒண்ணுகூட இல்ல. தப்பிச்சதே பெரிய விஷயம்."

"பார்த்தியா" என்றாய். அப்படி நீ சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. பக்கத்தில் வந்த நர்ஸிடமும், "சிஸ்டர், நான் அப்பவே சொன்னேன் லா" என்றாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வராமல் மன்னிப்புக் கேட்காமலே கிளம்பிவிட்டேன். அடுத்த மாதம் உன் இதயம் நின்றுவிட்டது.

ஏழு மருந்து மிச்சம் இருந்ததுடா. ரவிக்கும் மாலாவுக்கும் அது தெரியும். உன் சாவு வீட்டில் உன் மனைவி, பாணன் இல்லாவிட்டால் மருந்து தீரும் என்று நீ எழுதிய அந்த நோட்டைக் காட்டியபோது மூவருமே உண்மையைச் சொல்லவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகு நாங்கள் ஒருநாள்கூட ஆடவில்லை. நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் வந்தால் ஆளுக்கொரு வேலை வந்துவிடுகிறது.

உன்னிடம் சொன்ன பொய்யும் கேட்காமல் விட்ட மன்னிப்பும் என்னிடம்தான் இருக்கின்றன. மன்னிப்பை இப்போது கேட்டுக்கொள்கிறேன். பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் எனக்கு மனமில்லை.