சர்வரில் லினக்ஸ்தான் போட்டேன்

இன்று காலை பழைய சர்வரின் மூடியைக் கழற்றினேன். தூசியோடு காய்ந்த சந்தன வாசனையும் சேர்ந்து வந்தது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை நாம் இரண்டு பேரும் அப்பிய சந்தனம், பொருக்குத் தட்டி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோழி, உன் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இதன் டிஸ்க்கும் முனகத் தொடங்கிவிட்டதால் புதுப் பெட்டி வாங்கியாகிவிட்டது. அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று நேற்று நம் அலுவலகக் கூட்டத்தில் சண்டை. சண்டை போட்டது நான்தான்.

தலைவர் பழைய பாட்டையே பாடினார். "ஊரெல்லாம் விண்டோஸ் போடுது. நாம மட்டும் ஏம்மா லினக்ஸைக் கட்டிக்கிட்டு அழணும்? பார்த்துக்கிட்ட புள்ளையும் போயிருச்சு. இனி கெட்டுப்போனா யாரு பார்ப்பா? வியாழக்கிழமை பாக்கியத்துக்கு அடையாளக் கார்டுக்காகப் பதிவிலாகாவுல நேர்காணல் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"நான் பார்ப்பேன் லா," என்றேன். சிரித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவள் சர்வரைப் பார்ப்பாளா என்ற சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லூனாஸில் கடை மாடியில் இந்த அலுவலகத்தைத் திறந்தபோதும் இதே பேச்சுதான். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடிமக்களுக்குத் தரும் நீல அடையாளக் கார்டும் இல்லாமல் கிழடானவர்களுக்கு உதவும் இடம் இது. யார் எந்த லயத்து வீட்டில் பிறந்தார், பக்கத்து வீட்டில் யார் இருந்தார், சாட்சி சொல்ல இன்று யார் உயிரோடு இருக்கிறார் என்பதையெல்லாம் நான் என் தலையில் வைத்திருந்தேன். நீதான் அதைப் பிடுங்கி டேட்டாபேஸில் ஏற்றினாய். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, சீருடையோடு வந்து உட்காருவாய். கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அதில் டெபியன் லினக்ஸைப் போட்டாய்.

"இதுக்குப் பகட்டு எதுவும் வேணாம்டி. திரைகூட வேணாம். ஒரே வேலை, அதை ஒழுங்கா செஞ்சா போதும். லைசென்ஸ் கேட்டு எவன் வாசல்லயும் நிக்க வேணாம், கெட்டா நாமளே பிரிச்சுப் பார்க்கலாம்," என்றாய். பத்திரம் கேட்டு வாசல் வாசலாக நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது போதுமான காரணமாக இருந்தது.

முதல் ஆயுத பூசையன்று நான் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று எந்தக் கருவியும் வேலை செய்யக்கூடாதே என்று, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் வயரைச் சடாரென்று பிடுங்கிவிட்டு, சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன். விஜயதசமியன்று டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. நீ ஓடிவந்து, பூசைக்கு முந்தைய நாள் எடுத்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டாய். "சாமி பொட்டுதான்டி கேட்டுச்சு. வயரைப் புடுங்கச் சொல்லி எந்தச் சாமி கேட்டுச்சு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். முறைப்படி நிறுத்தும் கட்டளையை அன்றே என்னைத் தட்டச்சு செய்ய வைத்தாய்.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. நோயை மறைத்தாய். மற்ற வேலைகளை எழுதி வை என்று எத்தனை முறை கெஞ்சினேன்! "நான் இருக்கேன்ல, அப்புறம் என்னடி?" என்பாய். நீ போனதும் முக்கியக் கடவுச்சொல்லும் உன்னோடு போய்விட்டது. பன்னிரண்டு நாள் தட்டுத்தடுமாறிப் படித்து, இயந்திரத்தை வேறு வழியில் எழுப்பி, புதுக் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தேன். தலைவரின் கேள்வி நியாயமானது. அதற்கு அவர் கண்ட பதில்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

இன்று அவர் முன்னாலேயே புதுப் பெட்டியில் டெபியனைப் போட்டேன். சுங்கை பட்டாணியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்த கடைக்காரர், "கஷ்டம் லா அக்கா, நகருங்க, நான் விண்டோஸ் போட்டுத் தர்றேன்," என்றார். நகரவில்லை. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் இடத்தில் திரையில் வந்ததை மூன்று முறை படித்தேன். அப்போதும் நகரவில்லை. பிற்பகலில் நகலை ஏற்றி, பாக்கியம் பிறந்த கோலா கெத்தில் ஊர்த் தோட்டத்தையும் லயத்தையும் கொடுத்துத் தேடினேன். சாட்சிக்கு மூன்று பெயர்கள் வந்தன. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சரிம்மா, இதே இருக்கட்டும்," என்றார். அவர் படியிறங்கிய பிறகுதான் அழுதேன்.

செய்ததையெல்லாம் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி, தலைவரின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பாக்கியத்தின் மகளும் இன்னொரு பெண்ணும் கற்றுக்கொள்ள வருகிறார்கள். கீபோர்டு அவர்கள் கையில் இருக்கும், நான் பக்கத்தில் உட்காருவேன். நீ சொல்லித் தந்ததில் ஒன்றையும் விடமாட்டேன். ஆனால் "நான் இருக்கேன்ல" என்று மட்டும் அவர்களிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன்.