சார்ஜரைப் பிடுங்கியது நான்தான்

குட்டிம்மா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. கண்டதையும் ஏற்றி நீ கெடுத்து வைத்த கேம் மெஷினை, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஆக்கிவிட்டேன். கைக்குள் அடங்குகிற சாமான், இரண்டு மணி நேரம் என்னை ஆட்டி வைத்தது. முதல் தடவை பாதியில் நின்றது. யூனிஃபார்மை இஸ்திரி போட சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். மறுதடவை கண் சொக்கச் சொக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"நீ கை வச்சா எல்லாம் போயிரும்" என்று நேற்று கத்தினாயே, ஒன்றும் போகவில்லை. நீ ஆடியதையெல்லாம் முதலிலேயே மெமரி கார்டில் எடுத்து வைத்து, கடைசியில் திரும்பப் போட்டுவிட்டேன்.

இன்றும் டபுள் டியூட்டி. உள்தாழ்ப்பாள் போடாதே, சாவி என்னிடம் இருக்கிறது.

அம்மா

பி.கு.: அதில் ஆடுகிறவர்கள் பட்டியலில், உன் பேருக்குக் கீழே நீ சேர்த்து வைத்த 'அம்மா' என்று ஒருத்தி இருக்கிறாள். நாலு வருஷமாக முதல் கட்டத்திலேயே நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு.