முழுச் சம்பளமும் இன்னொரு வேலையும்

செப்டம்பர் 16

கம்பெனி பஸ் வராது என்று தெரிந்தும் காலையில் குளித்து, ஷேவ் செய்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கூலில் பாடம் எடுக்கக் கிளம்பிய ஜோசலின் பார்த்துவிட்டு, "இப்படி ரெடியாகி எங்கங்க போகப் போறீங்க?" என்றாள். எங்கும் இல்லை. சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் அங்கே நடப்பவர்கள் எல்லாரும் ரிட்டயர் ஆனவர்கள். எனக்கு நாற்பத்து நான்கு.

கார் கம்பெனி பழைய மாடலை நிறுத்திவிட்டது. புது மாடல் வரும்வரை, அதற்கு சீட் செய்யும் எங்கள் ஃபாக்டரிக்கு வேலை இல்லை. இப்படி உட்கார வைத்தால் சட்டப்படி பாதிச் சம்பளம் கொடுத்தால் போதுமாம். எங்களுக்கு முழுதாக வருகிறதென்றால் அது இளமாறன் அண்ணன் பேசி வாங்கியது. அவர் யூனியன் செயலாளர், எலெக்ட்ரீஷியன். நான் ஃபிட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அண்ணன். நிர்வாகம் இரண்டு நிபந்தனை போட்டது. கூப்பிட்டால் மறுநாளே வர வேண்டும். வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது. "எங்க பசங்க போவ மாட்டாங்க சார். நான் பொறுப்பு" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினோம். நானும்தான்.

செப்டம்பர் 29

மிக்ஸியைப் பிரித்து மறுபடி மாட்டினேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 7

ஜோசலினோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் பெரும்பாக்கம் பக்கம் பெரிய அபார்ட்மென்ட்டில் இருக்கிறார். அங்கே மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறதாம், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். கோளாறு மோட்டாரில் இல்லை, உறிஞ்சும் குழாயில் காற்று ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. அசோசியேஷன் செயலாளர் அனந்தகிருஷ்ணன், பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், காபி கொடுத்து உட்கார வைத்தார். "மெயின்டனன்ஸ் பாத்துக்க ஒரு நல்ல ஆள் தேடிண்டிருக்கோம். நீங்களே வந்துடுங்களேன்."

ஃபாக்டரி திறந்துவிடும் என்றேன்.

"திறக்கும்னு நிச்சயமா தெரியுமா?"

நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வேறொருவர் வாயிலிருந்து வந்ததும் பயமாக இருந்தது.

அக்டோபர் 9

"இளமாறன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்கிறாள் ஜோசலின். கேட்கிறேன் என்றேன்.

அக்டோபர் 14

வேலையில் சேர்ந்தாயிற்று. அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்ற பிறகு எப்படிப் போவது? கேட்காமல் இருந்தால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது — இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 5

ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். காசுக்காக மட்டும் நான் இங்கே வரவில்லை. காலையில் ஒரு இடத்துக்குப் போக வேண்டும், யாராவது எனக்காகக் காத்திருக்க வேண்டும். வீட்டில் இருந்த நாட்களில் மத்தியானம் மூன்று மணிக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். மனசு என்னென்னவோ யோசிக்கும். இப்போது அது இல்லை.

நவம்பர் 18

ஹெச்.ஆர். ஆபீஸில் இருந்து போன். நாளை புது மாடல் சீட்டுக்கு ஃபோம் வார்த்துப் பார்க்கும் ட்ரையல், அந்த மெஷின் எனக்குத்தான் அத்துப்படி, வர வேண்டும். நாளைக்கென்று இங்கே தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். முந்நூறு வீட்டுக்கும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறை இருமியும் காட்டினேன். காய்ச்சலுக்கு எதற்கு இருமல்?

நவம்பர் 20

நேற்று நான் தொட்டி வேலையில் இருந்தபோது இளமாறன் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார். காய்ச்சல்காரனைப் பார்க்க ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு. ஜோசலின் ஸ்கூலில் இருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்த நேரம்.

"என்ன சொன்ன?"

"பெரும்பாக்கம் அபார்ட்மென்ட்டுக்கு வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னேன். காய்ச்சல்னு நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

சொல்லியிருந்தாலும் அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணன் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாராம்.

நவம்பர் 21

காலையில் அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னாடா ஜெர்சா, உடம்பு பரவால்லியா?" என்றார். என்னால் நிமிர முடியவில்லை. "தோ பாரு. முந்தாநேத்து ட்ரையல்ல மெஷினோட எப்படியோ மல்லுக்கட்டிட்டோம், அது போவட்டும். ஒரு வாரம் டைம் எடுத்துக்க. இவங்ககிட்ட சொல்லிட்டு மரியாதையா நின்னுடு. நான் யாராண்டயும் வாய தொறக்க மாட்டேன். உனக்காகச் சொல்லல. ஒருத்தன் மாட்டினா மேனேஜ்மென்ட்காரன் எல்லாருக்கும் சம்பளத்தப் பாதியாக்கிடுவான். அதுக்குத்தான் காத்துகினு கீறான்."

சரி என்றேன். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

டிசம்பர் 3

மழை. விடாத மழை. பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர், ஜெனரேட்டர் மூழ்கும் நிலை. லிஃப்ட் ஓடவில்லை. மாடி வீடுகளில் வயசானவர்கள், ஒரு வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் அம்மா. இந்த நேரத்தில் நின்றுகொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அண்ணன் கொடுத்த வாரம் எப்போதோ முடிந்துவிட்டது.

மழை வந்தது உண்மை. ஆனால் மழைக்கு முன்னால் இருந்த நாட்களில் நான் ஏன் சொல்லவில்லை?

டிசம்பர் 15

தண்ணீரை இறைத்து ஜெனரேட்டரைக் காப்பாற்றியதற்காக கிளப் ஹவுஸில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான். ஃபோட்டோ எடுக்கும்போது சிரித்தேன்.

டிசம்பர் 18

அந்த ஃபோட்டோவை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். 'எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஜெர்சன் அவர்களுக்கு நன்றி.' ஃபாக்டரி வாட்ஸ்அப் குழுவில் அது வந்தபோது மகேஷ், என்னோடு ஒரே ஷிஃப்டில் இருப்பவன், எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினான். "ஏன் மச்சான் இப்படிப் பண்ண?"



டிசம்பர் 22

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இளமாறன் அண்ணன் கூடவே வந்தார். உள்ளே என்னை மட்டும் விட்டார்கள். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஹெச்.ஆர். மேனேஜர் ஷ்யாம்சுந்தர் கத்தவில்லை. ஏசியைக் குறைக்கவா என்று கேட்டார். "உங்க மேல ஆக்ஷன் எடுக்கறதுல எனக்கு இஷ்டம் இல்ல ஜெர்சன். நல்ல டெக்னீஷியன் நீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது இளமாறனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ட்ரையலுக்குக் கூப்பிட்டபோது யோசிக்காமல் பொய் சொன்னவன்தானே நான். இருமிக்கூடக் காட்டியவன்.

"தெரியும் சார்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஐயோ, அந்த இடத்துல போய் எனக்கு உண்மை எதுக்கு வந்துச்சு? வேலை போயிடும்னு பயம். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.

வெளியே வந்ததும் அண்ணன் எழுந்து நின்றார். "வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார், அடுத்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

டிசம்பர் 25

சர்ச்சுக்குப் போனேன். பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 6

எல்லாருக்கும் பாதிச் சம்பளம். அது போதாதென்று தினமும் காலையில் கேட்டில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். செங்கல்பட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் ஒரு கையெழுத்துக்காக வருகிறார்கள். அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தெரிந்தே மறைத்தது குற்றமாம். எனக்கு எச்சரிக்கையோடு சரி.

அபார்ட்மென்ட்டில் நின்றுவிட்டேன். இப்போது நின்று யாருக்கு என்ன?

ஜனவரி 19

அண்ணன் தானாக விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். கேஸ் நடத்தினால் வருஷக்கணக்காகும், மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். மகேஷ்தான் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

பிப்ரவரி 10

ஃபாக்டரி திறந்தது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள்.

பிப்ரவரி 24

ராஜினாமா. யாரும் போகச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் உட்கார்ந்த மேஜையில் இருந்து தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள், அதுவும் சத்தமில்லாமல். ஷ்யாம்சுந்தர் மட்டும் வருத்தப்பட்டார்.

ஜோசலின் ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

பெருங்களத்தூரில் அவர் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது?

மார்ச் 12

அனந்தகிருஷ்ணன் சார் மறுபடி சேர்த்துக்கொண்டார். "நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்கோங்க" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 2

இளமாறன் அண்ணன் போன் செய்தார். எடுத்ததும், எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணா, அன்னிக்கு நான் —"

"அத்த வுடு ஜெர்சா" என்றார். "உங்க அபார்ட்மென்ட்ல எலெக்ட்ரீஷியன் வேலை ஏதாச்சும் கீதா? எங்க போனாலும் வயசக் கேக்கறானுங்க."

ஏப்ரல் 9

அண்ணன் இன்று வேலைக்குச் சேர்ந்தார். நான் சிபாரிசு செய்தேன், அனந்தகிருஷ்ணன் சார் உடனே ஒத்துக்கொண்டார். அண்ணன் தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, நேரத்துக்கு முன்னாலேயே வந்து கேட்டில் காத்திருந்தார்.

எல்லா பிளாக்கையும் சுற்றிக் காட்டினேன். போர்டைத் திறந்து பார்த்து, "எர்த்திங் சரியில்ல, மாத்திடறேன் சார்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அருகே யாரும் இல்லை.

"அண்ணா, என்னைப் போய் சார்னு..."

"வேலை செய்ற எடம். இங்க அப்டித்தான் இருக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பேனல் ரூம் சாவியை எடுத்து நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.