கீழ்ப்பக்கத்து உளறல்

நாள் 212, காலை 07:40

நிலவின் மறுபக்க நிலையம். எழுதுவது குமுதவல்லி, வானொலிப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. நேற்றைய சூரியப் புயலில் நிலைய வானொலியிலும் வண்டி வானொலியிலும் சிப் எரிந்துவிட்டது. வெளியே வண்டியில் இருப்பவன் என் உதவியாளன் சேர்மக்கனி. அவனுடைய வரைபடமும் போய்விட்டது. நிலையம் திரும்ப, கண்ணில் படுவதை அவன் சொல்ல வேண்டும், இங்குள்ள வரைபடத்தைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவது என்று நான் சொல்ல வேண்டும். நாளை மாலை ஆறு வரை அவனுக்குக் காற்று உண்டு. இங்கே வேறு வண்டி இல்லை.

இப்போதைக்கு விண்வெளி உடையில் உள்ள பேச்சுக் கருவியில், துணைக்கோள் வழியாகப் பேசுகிறோம். பத்து மணிக்குத் துணைக்கோள் மறைந்தால் அடுத்த வாரம்தான் வரும். அதன் பிறகு பேச, எரிந்த சிப் செய்த வேலையை இங்கே நானும் வண்டியில் அவனும் கையால் செய்தாக வேண்டும்.

08:30

பூமியிலிருந்து அறிவுரை வந்தது. "மேடம், தோராயமா ஒரு பேஸ் ஷிஃப்ட் சர்க்யூட் போட்டுக்கோங்க, போதும்."

தோராயமாம். இந்த மேதாவிகள் ஒரு ரெசிஸ்டரைக் கையால் தொட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். இதைக் கண்டெடுப்பவரும் அந்த ரகமாக இருக்கக்கூடும் என்பதால் விளக்கிவிடுகிறேன். அலையில் குரலை ஏற்றினால் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என இரண்டு பிரதிகள் பிறக்கும். நமக்கு மேல் பிரதி மட்டும் போதும். ரெசிஸ்டர், கப்பாசிட்டர் கோத்த இரண்டு வரிசைகளில் குரலை விட வேண்டும். எந்தச் சுருதியானாலும் இரண்டுக்கும் நடுவே தொண்ணூறு பாகை வித்தியாசம் நிற்க வேண்டும். நின்றால் கீழ்ப் பிரதி அழியும். கடைசி இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் மேல் பிரதி அழியும். அனுப்பும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் இதே ஏற்பாடு; பேசும் இருவரும் ஒரே பிரதியில் இருந்தால்தான் கேட்கும். இவ்வளவுதான் விஷயம்.

10:05

சேர்மக்கனிக்கு ஒவ்வொரு மதிப்பாகச் சொல்லிச் சொல்லிப் பொறுமை போய்விட்டது. கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடும் குடும்பத்துப் பிள்ளை. மைக்கை மூன்று முறை தட்டாமல் அவனுக்குப் பேச்சே வராது. டொக் டொக் டொக். இவனையெல்லாம் யார் தேர்ந்தெடுத்து இங்கே அனுப்பினார்கள்?

"அக்கா, எல்லாம் பத்த வச்சாச்சு. கடைசில செவப்பு வயரும் நீல வயரும் மிஞ்சுதுல்லா, எது எதுல போகணும்?"

"அதக்கூட நான்தான் சொல்லணுமா? படிச்சிட்டுத்தான வந்த?" என்று கேட்டேன்.

"சரிக்கா, நானே பாத்துக்கிடுதேன்."

துணைக்கோள் மறைந்தது. தலைவலி குறைந்தது.

14:10

என் சுற்று தயார். பிழை ஒரு பாகைக்கும் கீழே. போட்டவுடன் கீழ்ப்பக்கத்திலிருந்து வாத்துக் கூட்டம் போல ஓர் உளறல் கசிந்தது. எந்த நாட்டுத் துணைக்கோளின் குப்பையோ. அளவைச் சரிசெய்யும் ட்ரிம்மர் திருகை மயிரிழை அளவு திருப்பினேன். சுத்தமாக அழிந்தது. தோராயக்காரர்கள் வந்து பார்க்கட்டும்.

21:00

சேர்மக்கனியிடமிருந்து ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. கோபித்துக்கொண்டான் போலிருக்கிறது. சாகிற நேரத்திலும் இவர்களுக்கு ரோஷத்துக்குக் குறைவில்லை.

நாள் 213, 11:30

இன்னும் மௌனம். என் சுற்றில் கோளாறு கிடையாது, மூன்று முறை அளந்துவிட்டேன். அவன்தான் எதையோ சொதப்பியிருக்கிறான். பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அறை ஹீட்டர் நின்றுவிட்டது. குளிரில் கப்பாசிட்டர்களின் அளவு மாறும். அழித்த குப்பை திரும்ப வரும்.

15:05

வந்துவிட்டது. ட்ரிம்மரில் கை வைத்தேன். உளறலுக்குச் சற்று முன்னால்: டொக் டொக் டொக்.

கையை எடுத்துவிட்டேன்.

15:12

கீழ்ப் பிரதி தலைகீழ். கனத்த ஒலி கீச்சாகும், கீச்சொலி கனக்கும், பேச்சு உளறலாகும். தட்டினால் மட்டும் எந்தப் பக்கமும் தட்டாகவே கேட்கும். அவன் அந்த இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். நேற்றிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பாகைகூடப் பிசகாமல் நான் அவனை அழித்துக்கொண்டிருந்தேன்.

15:20

வாங்கும் பக்கத்தில் வயர்களை மாற்றினேன். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டது.

"அக்கா, இடப்பக்கம் பூரா பாறை. வலப்பக்கம் சமதரையா கெடக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா வலப்பக்கமே போறேன்."

அது சமதரை இல்லை. தூசி மூடிய பள்ளம். இடப்பக்கம், இடப்பக்கம் என்று கத்தினேன்.

15:31

அனுப்பும் பக்கத்தில் வயரை மாற்றவே இல்லை. மேல்பக்கத்தில் கத்தியிருக்கிறேன். அவன் காது கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. பொறியாளராம்.

16:40

அப்போதே மாற்றிவிட்டேன். ஒரு மணி நேரமாக விடாமல் கூப்பிடுகிறேன். பதிலுக்கு டொக் டொக் டொக் மட்டும். பேச்சில்லை. வண்டி பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

17:50

டொக். டொக்.

மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன்.

18:25

சேர்மக்கனி, சிவப்பு மேல் வரிசையில். நீலம் கீழ் வரிசையில். நல்ல கேள்விதான் கேட்டாய். சிவப்பு மேல் வரிசையில். நீலம்